பழைய பைக் வாங்கப் போகிறீர்களா? முதலில் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள்!

புதிய பைக் வாங்குவது சுலபமான வேலை. ஷோரூமுக்குப் போய் நிறத்தைச் சொன்னால் போதும். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பழைய பைக் விஷயம் அப்படியல்ல. விற்பவர் சொல்வது ஒன்று, ஆர்.சி.யில் இருப்பது ஒன்று, வண்டிக்குள் இருப்பது ஒன்று என மூன்று கதைகள் இருக்கலாம். இந்த மூன்றும் ஒன்றுதானா என்று பார்ப்பதே பழைய வண்டியைச் சோதிப்பது என்பதன் பொருள்.

"கம்ப்யூட்டர் பத்திரிகையில் பைக்குக்கு என்ன வேலை?" என்று சில வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இந்தச் சோதனையில் பாதியை இன்று உங்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே, பைசா செலவில்லாமல் முடித்துவிடலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டுமே அதைப் பயன்படுத்துவதைப் பார்க்கிறேன். ஒரு பெரிய செலவுக்கு முன்னால் அது எப்படிக் கை கொடுக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நான் சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை செய்பவன். எங்கள் வேலையில் ஒரு புரோகிராமை வெளியிடும் முன் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் சோதிப்போம். செலவு குறைந்த சோதனை முதலில், அதிகம் மெனக்கெட வேண்டிய சோதனை பின்னால். என் சித்தி மகனுக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஷிப்ட் முடியும் நேரத்தில் பஸ் கிடையாது. கையில் அவன் சேர்த்த 45,000 ரூபாய் மட்டும். அதற்குள் ஒரு 100 சிசி வண்டி வேண்டும் என்றான். அவனுக்காக மூன்று வண்டிகளைப் பார்த்தபோது இதே முறையைத்தான் கடைப்பிடித்தேன். மூன்று வண்டிகளும் மூன்று பாடங்கள்.

விளம்பரத்தைப் பார்க்கும்போதே தொடங்குங்கள்

பழைய வண்டிகள் இன்று பெரும்பாலும் இன்டர்நெட் வரி விளம்பரங்களில்தான் கிடைக்கின்றன. விலை வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், சந்தேகப்படுங்கள்.

விளம்பரத்தில் உள்ள படத்தின் மீது ரைட் கிளிக் செய்து அதை உங்கள் கம்ப்யூட்டரில் சேவ் செய்திடுங்கள். பின்னர் கூகுள் தளத்தில், தேடல் கட்டத்தின் ஓரத்தில் உள்ள கேமரா படத்தைக் கிளிக் செய்து, அந்தப் படத்தை அப்லோட் செய்திடுங்கள். அதே படம் வேறு ஊரில், வேறு பெயரில், வேறு விலையில் வந்திருந்தால் அந்த விளம்பரத்தை அப்படியே மறந்துவிடலாம்.

"நான் ராணுவத்தில் இருக்கிறேன், அவசரமாக மாற்றலாகிப் போகிறேன், முன்பணம் அனுப்பினால் வண்டியை பார்சலில் அனுப்புகிறேன்" என்று யாராவது சொன்னால் பேச்சை நிறுத்திவிடுங்கள். இது நாடு முழுவதும் நடக்கும் பழைய மோசடி. வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. ஒருவேளை பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்து புகார் சொல்லுங்கள். இது மத்திய அரசின் சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

வண்டியின் ஜாதகம் ஒரு கிளிக்கில்

விளம்பரம் நம்பும்படி இருந்தால் விற்பவரிடம் வண்டி எண்ணைக் கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்குபவரின் வண்டியைப் பார்க்கப் போவது வீண் அலைச்சல்.

இப்போது பிரவுசரைத் திறந்து, மேலே உள்ள முகவரிக் கட்டத்தில் பரிவாஹன் டாட் கவ் டாட் இன் என்ற முகவரியை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் தளம். தேடு பொறியில் தேடிப் போகாமல் முகவரியை நேராக டைப் செய்வது நல்லது. இதே பெயரைப் போலத் தோன்றும் போலித் தளங்கள் உண்டு. தளம் திறந்ததும் கண்ட்ரோல் கீயுடன் டி கீயை அழுத்தி புக்மார்க் செய்து கொள்ளுங்கள்.

தகவல் சேவைகளுக்கான மெனுவில் 'நோ யுவர் வெஹிக்கிள் டீடெயில்ஸ்' என்ற பிரிவு இருக்கும். உங்கள் மொபைல் எண்ணைக் கொடுத்து லாக் இன் செய்து, வண்டி எண்ணை டைப் செய்தால் அதன் ஜாதகம் திரையில் விரியும். மொபைலில் எம்பரிவாஹன் என்ற அப்ளிகேஷனிலும் இதே விவரம் கிடைக்கும். கவனிக்க வேண்டியவை இவை:

1. உரிமையாளர் பெயர். தனிநபர் பாதுகாப்புக்காகச் சில எழுத்துகள் நட்சத்திரக் குறிகளாக மறைக்கப்பட்டிருக்கும். இருந்தாலும் தெரியும் எழுத்துகள் விற்பவரின் பெயரோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம்.

2. பதிவு செய்த தேதி. '2021 மாடல்' என்று விற்பவர் சொல்லும் வண்டி 2018-ல் பதிவாகியிருக்கலாம்.

3. பதிவு எதுவரை செல்லும் என்ற தேதி. டூ வீலருக்கு முதல் பதிவு 15 ஆண்டுகள். அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும். 13 ஆண்டு ஓடிய வண்டி என்றால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

4. இன்சூரன்ஸ் முடியும் தேதி. 2018 செப்டம்பருக்குப் பிறகு விற்ற புதிய டூ வீலர்களுக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகள் முடிந்ததும் புதுப்பிக்க மறந்தவர்கள் ஏராளம்.

5. கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர். மிக முக்கியமான வரி இதுதான்.

எங்களின் முதல் வண்டி இந்த ஐந்தாவது வரியில்தான் விழுந்தது. 36,000 ரூபாய், பளபளவென்று படம், தம்பிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் திரையில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தது. விற்பவரிடம் கேட்டோம். "லோன் எப்பவோ கட்டி முடிச்சாச்சு, பேரை எடுக்கலை, அவ்வளவுதான்" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கடன் முடிந்ததற்கான தடையில்லாச் சான்றையும் படிவம் 35-ஐயும் நிதி நிறுவனத்திடம் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்தப் பதிவை நீக்கியிருக்க வேண்டும். அவரிடம் இரண்டுமே இல்லை. "அதை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள், வருகிறோம்" என்று சொல்லிவிட்டோம். அழைப்பு வரவில்லை. கடன் நிலுவையில் உள்ள வண்டியை வாங்கினால், தவணை கட்டவில்லை என்று நிதி நிறுவனத்தார் ஒருநாள் உங்கள் வாசலில் வந்து வண்டியை எடுத்துப் போகக்கூடும்.

அடுத்து, இ-சலான் தளத்துக்குப் போய் அபராதம் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி எண்ணுடன் சேஸிஸ் எண் அல்லது என்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்கள் கேட்கப்படும். விற்பவரிடம் ஆர்.சி.யின் படம் ஒன்று கேட்டு வாங்கினால் இது கிடைத்துவிடும். பாக்கி இருந்தால் அதைக் கட்டிய பிறகே பேசுவோம் என்று சொல்லிவிடுங்கள். பெயர் மாற்றும் நேரத்தில் அது உங்களுக்கே சிக்கலாகும்.

திரையில் தெரிந்த விவரங்களை கண்ட்ரோல் கீயுடன் பி கீயை அழுத்தி, பிரின்டருக்குப் பதிலாகப் பி.டி.எஃப். என்பதைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்து கொள்ளுங்கள். வண்டிக்கு ஒரு போல்டர் என்று வைத்தால் குழப்பம் வராது.

இனி இரும்பைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் சொல்வது காகிதத்தில் உள்ளதை மட்டும்தான். வண்டி எத்தனை முறை விழுந்தது என்று எந்தத் தளமும் சொல்லாது. எனவே பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நேரத்தில், முடிந்தால் ஒரு மெக்கானிக்குடன் போங்கள்.

போனதும் முதலில் செய்ய வேண்டியது, காகிதத்தையும் இரும்பையும் பொருத்துவது. பெரும்பாலான பைக்குகளில் சேஸிஸ் எண், ஹேண்டில்பாருக்குக் கீழே பிரேமின் கழுத்துப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் தெரியும். என்ஜின் எண் என்ஜினின் அடிப்பகுதி உலோகத்தில் இருக்கும். இரண்டையும் ஆர்.சி.யுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சேஸிஸ் எண்ணில் 17 எழுத்துகளும் எண்களும் இருக்கும். அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ ஆகிய எழுத்துகள் வரவே வராது. ஒன்று, சைபர் ஆகிய எண்களோடு குழம்பக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. எண் இருக்கும் இடத்தில் ராவிய அடையாளமோ, புதிய பெயின்ட்டோ, எழுத்துகள் வரிசை தப்பி இருப்பதோ தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். திருட்டு வண்டி என்றால் பணமும் போகும், போலீஸ் நிலையத்துக்கும் அலைய வேண்டும்.

அடுத்து என்ஜின். வருவதற்கு முன்பே "வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம்" என்று போனில் சொல்லிவிடுங்கள். போனதும் என்ஜின் அருகே புறங்கையை மெதுவாகக் கொண்டு போய்ப் பாருங்கள். சூடாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகாத நோயை மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த என்ஜின் ஓரிரு முயற்சியில் ஸ்டார்ட் ஆக வேண்டும். பிறகு சைலன்சரைக் கவனியுங்கள். தொடக்கத்தில் லேசான வெண்புகை வெறும் ஈரப்பசை. சற்று நேரத்தில் நின்றுவிடும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள்; பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். என்ஜினைப் பிரிக்க வேண்டிய செலவு இது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. இதைச் சரி செய்வது ஒப்பீட்டளவில் எளிது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு வந்த வண்டிகளில் மீட்டரில் என்ஜின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு இருக்கும். சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். பிறகு அணைந்துவிட வேண்டும். என்ஜின் ஓடும்போதும் எரிந்துகொண்டே இருந்தால் சென்சாரிலோ வயரிங்கிலோ கோளாறு. சாவி போட்டதும் எரியவே இல்லை என்றால் இன்னும் கவனம் தேவை. கோளாறை மறைக்க விளக்கையே துண்டித்திருக்கலாம்.

விழுந்த வண்டி என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டி சாயும்போது முதலில் தரையைத் தொடும் இடங்களைப் பாருங்கள். ஹேண்டில்பாரின் நுனி, பிரேக் மற்றும் கிளட்ச் லீவரின் முனை, புட்ரெஸ்ட் நுனி, சைலன்சரின் பக்கவாட்டு. இவற்றில் லேசான கீறல் சகஜம். ஆனால் ஒரே பக்கத்தில் எல்லாவற்றிலும் ஆழமான கீறல் இருந்தால் பலமான விழுதல். வண்டிக்குப் பின்னால் பத்து அடி தள்ளி நின்று இரண்டு சக்கரங்களும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிரேம் வளைந்த வண்டியை முழுதாகச் சரி செய்வது மிகக் கடினம்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரம் தரையைத் தொடாதபடி பின்பக்கம் ஒருவரை அழுத்தச் சொல்லுங்கள். ஹேண்டில்பாரை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் தடுக்கினால் கோன் செட் போய்விட்டது. முன் ஷாக் அப்சார்பர் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் ஆயில் சீல் கசிகிறது. செயின் திறந்திருக்கும் வண்டியில், பின்பக்க ஸ்ப்ராக்கெட்டின் கடைசியில் செயினைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் அளவுக்கு மேல் விலகி வந்தால் செயின் செட் மாற்ற வேண்டும். முழுக் கவர் போட்ட வண்டியில் கவரில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, தளர்ச்சியைப் பார்க்கலாம்.

டயருக்கும் ஒரு பிறந்த தேதி உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன்கள் ஆழமாக இருந்தாலும் ரப்பரில் வெடிப்பு விட்டிருந்தால் ஈரச் சாலையில் அது பிடிக்காது.

கிலோமீட்டர் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். பழைய முள் மீட்டரைப் போலவே டிஜிட்டல் மீட்டரையும் மாற்றி எழுத முடியும் என்பது என்னைப் போன்ற சாப்ட்வேர்காரனுக்குத் தெரியும். புட்ரெஸ்ட் ரப்பர், கைப்பிடி, பிரேக் பெடல் ஆகியவை பொய் சொல்லாது. 12,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியதாக மீட்டர் சொல்லும் வண்டியில் பெடல் ரப்பர் மொட்டையாகத் தேய்ந்திருந்தால் எதை நம்புவது என்று உங்களுக்கே தெரியும். சர்வீஸ் பில்கள் இருந்தால் அவற்றில் எழுதியுள்ள கிலோமீட்டரையும் பாருங்கள்.

தண்ணீர் குடித்த வண்டி

எங்களின் இரண்டாவது வண்டி வேளச்சேரியில் கிடைத்தது. 34,000 ரூபாய். ஒரே உரிமையாளர், கடன் இல்லை, அபராதம் இல்லை, இன்சூரன்ஸ் உண்டு. கம்ப்யூட்டரில் நூற்றுக்கு நூறு மார்க். சேஸிஸ் எண்ணும் பொருந்தியது. தம்பி பணத்தை எடுக்கத் தயாராகிவிட்டான்.

உடன் வந்த மெக்கானிக் அண்ணன் ஹெட்லைட்டைக் கழற்றினார். உள்ளே வயர் இணைப்புகளின் இடுக்கில் காய்ந்த மண். சீட்டைத் தூக்கினார். பிரேமின் மூலைகளில், மழை படாத இடத்தில் துரு. பெட்ரோல் டேங்குக்குள் டார்ச் அடித்தால் ஒரே பழுப்பு. "பேப்பர் சுத்தமாத்தான் இருக்கு தம்பி. ஆனா வண்டி தண்ணி குடிச்சிருக்கு" என்றார்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையின் தாழ்வான பகுதிகளில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. அவற்றில் பல நன்றாகச் சரி செய்யப்பட்டு ஓடுகின்றன. சில, வெறும் வாட்டர் வாஷும் பாலிஷும் செய்து விற்பனைக்கு வருகின்றன. மூழ்கிய வண்டி இன்று ஓடும். ஆனால் வயரிங் இணைப்புகளும் பேரிங்குகளும் ஒவ்வொன்றாகத் துருவேறிக் கொண்டிருக்கும். இரவு ஷிப்ட் முடிந்து வெறிச்சோடிய சாலையில் ஹெட்லைட் அணைந்தால் என்ன ஆகும்? மூழ்கியது என்ற விவரம் எந்தத் தளத்திலும் இல்லை. அதனால்தான் இரும்பையும் பார்க்கச் சொல்கிறேன்.

எக்ஸெல் பேரம் பேசும்

மூன்றாவது வண்டி தாம்பரத்தில். விலை 42,000. காகிதமும் சுத்தம், இரும்பும் பெரிதாகக் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. ஆனால் சில உதிரி பாகங்கள் மாற்ற வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து எக்ஸெல் தொகுப்பைத் திறந்து, மெக்கானிக் சொன்ன தொகைகளை வரிசையாக டைப் செய்தேன்.

பின் டயர் – 1,900
செயின் செட் – 1,400
பேட்டரி – 1,300
ஆயில் சீல், கூலி – 700
பெயர் மாற்றும் செலவு – 1,500

எண்களுக்குக் கீழே உள்ள காலியான கட்டத்தில் கர்சரை வைத்து, ஆல்ட் கீயை அழுத்தியபடி சமக்குறி கீயைத் தட்டி, என்டர் தட்டினால் கூட்டுத்தொகை வந்துவிடும். வந்தது 6,800 ரூபாய். வண்டியின் உண்மையான விலை 48,800. தம்பியின் பட்ஜெட்டைவிட 3,800 அதிகம்.

இந்தப் பட்டியலை பிரின்ட் எடுத்து மறுநாள் விற்பவரிடம் கொடுத்தோம். "குறைச்சுக் கொடுங்க" என்று வெறுமனே கேட்டிருந்தால் ஐந்நூறோ ஆயிரமோ குறைத்திருப்பார். பட்டியலில் ஒவ்வொரு வரியையும் வண்டியில் தொட்டுக் காட்டியதும் அவரால் மறுக்க முடியவில்லை. 38,000-க்கு முடிந்தது. செலவெல்லாம் சேர்த்து 44,800. தம்பி கையில் 200 ரூபாய் மிச்சம். அதற்கு அன்றே பெட்ரோல் போட்டான்.

சாவி வாங்கியதோடு முடியவில்லை

பணம் கொடுத்து சாவி வாங்கிவிட்டால் வண்டி நம்முடையது என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டப்படி ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். விற்ற பிறகும் பெயர் மாற்றாமல் விட்ட வண்டி விபத்துக்குள்ளானால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் உள்ள உரிமையாளருக்கே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே பெயர் மாற்றத்தில் விற்பவருக்கும் அக்கறை இருக்க வேண்டும்.

படிவம் 29-ம் படிவம் 30-ம் பரிவாஹன் தளத்திலேயே கிடைக்கும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் 14 நாட்களுக்குள் எழுதி, பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெயர் மாறிய பிறகு கொடுப்பதாகச் சொல்லி ஒரு சிறு தொகையை நிறுத்தி வைப்பதும், பணத்தை வங்கி மூலமே கொடுப்பதும் நல்ல வழக்கம். அப்படிச் செய்தால் உங்கள் கையில் ஒரு சாட்சி இருக்கும்.

கடைசியாக ஒன்று. சில வாரங்கள் கழித்து மறுபடியும் அதே தளத்தில் வண்டி எண்ணை டைப் செய்து பாருங்கள். நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே தெரியும் எழுத்துகள் உங்கள் பெயரின் எழுத்துகளாக மாறியிருக்க வேண்டும். மாறாமல் இருந்தால் தாமதிக்காமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள். மாறியிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேவ் செய்து உங்கள் வண்டி போல்டரில் போட்டு வையுங்கள். நாளை நீங்கள் வண்டியை விற்கும்போது, வாங்க வருபவரும் இதே கட்டுரையைக் கையில் வைத்திருக்கலாம் அல்லவா!